குமிழ் குறைந்தால் முதலில் கல்லைப் பாருங்கள்

மீன் தொட்டியில் குமிழ் மெலிந்துபோய், பம்ப் மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக உறுமிக்கொண்டிருந்தால், 'பம்ப் போச்சு' என்று முடிவுகட்டிப் புதுசு வாங்கிவிடுவோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். மாட்டியதும் குமிழ் ஜோராக வந்தது, இரண்டே மாதத்தில் அதுவும் மூச்சுவாங்க ஆரம்பித்தது. ஒருநாள் எரிச்சலில் அடியில் கிடந்த ஏர் ஸ்டோனை, அதாவது காற்றைப் பொடிக் குமிழ்களாக உடைத்துவிடும் துளைக்கல்லை, பிடுங்கிவிட்டு வெறும் டியூப் முனையைத் தண்ணீருக்குள் விட்டேன். உலை கொதிக்கிற மாதிரி காற்று கொட்டியது. அந்தப் பம்புக்கு ஒன்றுமில்லை, காற்று வெளியே போக வழிதான் இல்லை.

இது புரிய பம்புக்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும். வீட்டுத் தொட்டிக்கு விற்கும் சின்னப் பம்புகளில் பெரும்பாலும் சுழலும் மோட்டாரே கிடையாது. ஒரு கம்பிச்சுருள், அதற்கு எதிரே ஒரு கையின் நுனியில் ஒட்டிய சிறு காந்தம், அந்தக் கையோடு பிணைந்த ரப்பர் கிண்ணம், அவ்வளவுதான். அந்தக் கிண்ணத்துக்குத்தான் டயாஃப்ரம் என்று பெயர். மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவதால் காந்தம் அங்குமிங்கும் இழுபட, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 50 தடவை டயாஃப்ரம் அமுங்கி விரிகிறது, அடியில் இருக்கும் இரண்டு ரப்பர் மடல்கள் காற்றை ஒரே பக்கமாகத் தள்ளிவிடுகின்றன. ஒரு நாளைக்கு 43 லட்சம் தடவைக்கு மேல். இவ்வளவு வேலை செய்கிற ரப்பருக்கு முன்னால் வழியை அடைத்துவைத்தால், ஒவ்வொரு அடியும் அதன் மேலேயே திரும்பி விழும். அது சீக்கிரம் கிழிவதற்கு முக்கியக் காரணமே இந்த எதிரழுத்தம்தான்.

எதிரழுத்தம் எங்கிருந்து வருகிறது? முதலில் தண்ணீரின் ஆழம். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் கல் கிடந்தால், அந்த 30 சென்டிமீட்டர் தண்ணீரை விலக்கிக்கொண்டுதான் காற்று வெளியே வர வேண்டும், இது எல்லோருக்கும் தெரியும். பலரும் கணக்கில் எடுக்காதது கல்லின் துளை. தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை என்று ஒன்று உண்டு, சின்னத் துளைக்குள் புகுந்த தண்ணீர் லேசில் வெளியேறாது. 0.1 மில்லிமீட்டர் துளையிலிருந்து அதைத் தள்ளிக் காற்று வெளியே வர, கிட்டத்தட்ட 29 சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமமான அழுத்தம் தேவை. அதாவது பொடிக் குமிழ் விடுகிற கல்லைப் போட்டதுமே தொட்டி இரண்டு மடங்கு ஆழமானதாகப் பம்ப் நினைத்துக்கொள்ளும். அந்தத் துளையில் சுண்ணாம்பும் பாசியும் படிந்து அது பாதியாகச் சுருங்கினால், இந்த 29 இன்னும் இரண்டு மடங்காகும்.

அப்படியானால் பொடிக் குமிழே வேண்டாமா? அதிலும் லாபம் இருக்கத்தான் செய்கிறது. 3 மில்லிமீட்டர் குமிழ் ஒன்றை 1 மில்லிமீட்டர் குமிழ்களாக உடைத்தால் 27 கிடைக்கும், காற்றின் அளவு அதேதான், தண்ணீரைத் தொடும் பரப்பு மட்டும் 3 மடங்கு. ஆனால் 30 சென்டிமீட்டர் தொட்டியில் ஒரு குமிழ் ஓரிரு நொடியில் மேலே வந்துவிடும், அதற்குள் எவ்வளவு ஆக்சிஜனைக் கொடுத்துவிட முடியும்? உண்மையான வேலை நடப்பது தண்ணீரின் மேற்பரப்பில். குமிழ்கள் மேலே வரும்போது அடித் தண்ணீரையும் கூடவே இழுத்து வருகின்றன, மேற்பரப்பு கலங்குகிறது, ஆக்சிஜன் குறைந்த தண்ணீர் அங்கே வந்து காற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்து நிற்கும், 30 டிகிரியில் 7.5 அளவுக்கு இறங்கிவிடும். அதே ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் இருக்கிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது வெயில் காலத்தில் அதிகமாக இருப்பதற்கு, தண்ணீர் சூடாகும்போது ஆக்சிஜன் இப்படிக் குறைவதும் ஒரு காரணம். அதனால் என் கட்சி நடுத்தரத் துளை உள்ள கல். இன்னும் நல்லது ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதே காற்றில் தண்ணீரையும் வடிகட்டிக்கொடுக்கும். அதை அலச, குழாய்த் தண்ணீரைத் தொடாதீர்கள், அதிலுள்ள குளோரின் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். பீட்டா மாதிரி நீரோட்டம் பிடிக்காத மீன் என்றால் காற்றைக் குறைத்துவையுங்கள், அது மேலே வந்து நேராகவே மூச்சு விடுகிற ரகம்.

காற்றைக் குறைப்பது என்றதும் டியூபை மடித்துக் கிளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், மேலே சொன்ன எதிரழுத்தத்தை நாமே உண்டாக்குகிற வேலை அது. இரண்டு மூன்று வாய் உள்ள கன்ட்ரோல் வால்வு ஒன்றை வாங்கி, ஒரு வாயைத் தொட்டிக்கும் இன்னொன்றை வெறும் காற்றுக்கும் திறந்துவிடுங்கள். மிச்சக் காற்று வெளியே போய்விடும், 'உஸ்ஸ்' என்று கொஞ்சம் சத்தம் வரும், அவ்வளவுதான்.

டியூபைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிவிசி டியூப் மலிவு, ஆனால் நாளாக ஆக விறைத்து மஞ்சளாகி இணைப்புகளில் வெடிக்கும். சிலிகான் டியூப் ரொம்ப நாள் மென்மையாகவே இருக்கும். முனை விறைத்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு, வெந்நீரில் நனைத்து மாட்டினால் சுலபமாக ஏறும்.

டியூபின் நடுவே மாட்டும் ஒருவழி வால்வான செக் வால்வு வேறு கதை, இதில் அலட்சியம் கூடாது. பம்ப் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, கரண்ட் போகிறது, காற்று நின்றதும் தண்ணீர் டியூபுக்குள் ஏறுகிறது. தொட்டியின் விளிம்பை அது ஒருமுறை தாண்டிவிட்டால், தண்ணீர் தானாகவே கீழே இழுபடும் சைஃபன் ஆரம்பித்து, டியூப் முனை எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறதோ அவ்வளவு தண்ணீரும் பம்ப் வழியாகத் தரைக்கு வந்துவிடலாம். தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் என்னவாகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. செக் வால்வுக்குள் இருப்பது ஒரு மெல்லிய ரப்பர் மடல், காற்றை ஒரு திசையில் மட்டும் விடும். அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். குறி இல்லையென்றால் வாயால் ஊதிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஊதினால் காற்று போகிறதோ அந்தப் பக்கம் பம்புக்கு. திருப்பி மாட்டினால் குமிழே வராது, ஆகவே தப்பு உடனே தெரிந்துவிடும். ஆனால் மடல் விறைத்துப்போனால் வெளியே எதுவும் தெரியாது, கரண்ட் போகும் அன்றைக்குத்தான் தெரியும். அதனால் அவ்வப்போது கழற்றி எதிர்ப்பக்கம் ஊதிப் பார்ப்பேன், துளி காற்று கசிந்தாலும் மாற்றிவிடுவேன். பம்பையே நீர்மட்டத்துக்கு மேலே உறுதியாகத் தொங்கவிட்டால் இந்தப் பயமே இல்லை. அப்புறம், பம்ப் எந்த அறைக் காற்றை இழுக்கிறதோ அதைத்தான் தண்ணீருக்குள் விடுகிறது. பக்கத்தில் பூச்சி மருந்து அடிப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் மீனுக்கும் போகும்.

சரி, கல்லைச் சுத்தம் செய்வது எப்படி? வெள்ளையாகப் படிந்திருந்தால் சுண்ணாம்பு. பாதி வினிகர், பாதி தண்ணீர் கலந்து ஊறப்போட்டால் நுரைத்துக்கொண்டு கரையும், வெளிவருவது கார்பன் டை ஆக்சைடு. பச்சையாக, வழவழப்பாக இருந்தால் பாசியும் நுண்ணுயிர்ப் படலமும், அதற்கு நீர்த்த ப்ளீச். இந்த இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். ப்ளீச் போட்டால் பலமுறை அலசி, குளோரின் நீக்கும் மருந்து கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு போடுங்கள். எதற்கும் அசையாத கல்லை எறிந்துவிடலாம், பம்போடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

என் பழைய பம்ப் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கல்லைப் பிடுங்கிய அன்றே அதையும் எடுத்து மாட்டிப் பார்த்தேன், வெறும் டியூபிலும் காற்று சோனியாகத்தான் வந்தது. அடிப்பக்கத் திருகைக் கழற்றி டயாஃப்ரத்தை விரலால் வளைத்துப் பார்த்தபோது, காந்தக் கை பிணைகிற இடத்துக்குப் பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். ரப்பரை மட்டும் வாங்கி மாற்றினேன். இப்போது அது இன்னொரு தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது, கல் இல்லாமல், ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு.