தவணை தவறவில்லை என்பதற்காக மதிப்பு குறையாது என்று யார் சொன்னது?

மறுபடியும் அதே வரி. வங்கியின் ஆண்டறிக்கைக் குறிப்புகளில், கொடுத்த கடன்களுக்கு நேரே, 'இவற்றின் ஏட்டு மதிப்பு நியாய மதிப்பை ஏறத்தாழ ஒத்திருப்பதாக நிர்வாகம் கருதுகிறது' என்று போட்டிருக்கிறார்கள். ஏட்டு மதிப்பு என்றால் கணக்கேட்டில் நிற்கும் தொகை, நியாய மதிப்பு என்றால் இன்று விற்றால் கிடைக்கும் விலை. பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நிலையான வட்டியில் கொடுத்த ஐந்தாண்டு, ஏழாண்டுக் கடன்கள். கொடுத்த நாளில் இருந்த சந்தை வட்டி எங்கே, இன்றைய வட்டி எங்கே! போன வருடக் கோப்பிலிருந்து அப்படியே இறக்கிய வரி அது, எழுத்துப்பிழை உட்பட. வங்கிகளின் மதிப்பீட்டுக் கணக்குகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. இந்த வரியைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஏட்டு மதிப்பே நல்ல தோராயமாக இருந்தால் தனியாக நியாய மதிப்பைக் காட்ட வேண்டாம் என்று சர்வதேச நிதி அறிக்கைத் தரங்களில் ஒன்றான ஐஎஃப்ஆர்எஸ் 7 சொல்வது உண்மைதான். மத்திய வங்கியில் இருக்கும் இருப்புக்கோ, சில நாட்களில் தீரும் வங்கிகளுக்கிடையிலான கடனுக்கோ அது பொருந்தும். ஏழாண்டுக் கடனுக்குப் பொருந்தாது.

ஏன் என்று விளக்கினால் உடனே ஒரு பதில் வரும்: "சார், இதில் ஒரு காசு வாராக்கடன் இல்லை. எல்லோரும் தவணை ஒழுங்காகக் கட்டுகிறார்கள். அப்புறம் மதிப்பு எப்படிக் குறையும்?"

எண்களோடு சொல்கிறேன். 100 ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 5 சதவீத வட்டி, ஐந்தாம் ஆண்டு முடிவில் அசல். கடன் வாங்கியவர் தங்கமானவர். அதே நம்பகத்தன்மை உள்ள இன்னொருவருக்கு, அதே காலத்துக்கு, இன்று கடன் கொடுத்தால் 8 சதவீதம் கிடைக்கும். அப்படியிருக்க, உங்கள் 5 சதவீதக் கடனை யாராவது 100 கொடுத்து வாங்குவார்களா? வரவிருக்கும் வட்டியையும் அசலையும் 8 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது சுமார் 88. தவணை தவறாமலே 12 போய்விட்டது. அதே கடனில் ஓராண்டுதான் பாக்கி என்றால் மதிப்பு 97க்கு மேல் நிற்கும். எஞ்சிய காலத்தைப் பார்க்காமல் நியாய மதிப்பைப் பற்றிப் பேசவே முடியாது.

"வாராக்கடன் ஒதுக்கீட்டைக் கழித்துவிட்டோமே, அதுதானே நியாய மதிப்பு?" என்பது இதே தவறின் இன்னொரு வேடம். அந்த ஒதுக்கீடு, அதாவது ஐஎஃப்ஆர்எஸ் 9 சொல்லும் எதிர்பார்ப்பு இழப்பு (திரும்பி வராது என்று எதிர்பார்க்கும் தொகை), கடனின் ஆரம்ப வட்டி விகிதத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. சந்தை வட்டி ஏறியதால் வந்த இழப்பு அந்த எண்ணுக்குள் இல்லவே இல்லை.

"முதிர்வு வரை வைத்திருப்போம், முழுப் பணமும் வந்துவிடும்" என்பது அடுத்தது. வரும், சரி. ஆனால் ஐஎஃப்ஆர்எஸ் 13 கேட்பது உங்கள் எண்ணத்தை அல்ல. மதிப்பிடும் நாளில், சந்தையில் இருப்பவர்களுக்குள் நடக்கும் முறையான பரிவர்த்தனையில் விற்றால் என்ன விலை கிடைக்கும் என்பதைத்தான். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியின் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2022 முடிவில் அது முதிர்வு வரை வைத்திருப்பதாக வகைப்படுத்திய பத்திரங்களின் ஏட்டு மதிப்பு சுமார் 91 பில்லியன் டாலர், நியாய மதிப்பு சுமார் 76 பில்லியன். வங்கியின் மொத்தப் பங்கு மூலதனமே 16 பில்லியன்தான். பெரும்பாலும் அமெரிக்க அரசு சார்ந்த பத்திரங்கள், கடன் இடர் (பணம் திரும்பாமல் போகும் ஆபத்து) என்று சொல்ல ஏதுமில்லை. இந்த எண்கள் ஆண்டறிக்கையிலேயே இருந்தன. 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் வைப்பாளர்கள் 42 பில்லியன் டாலர் எடுக்க முனைந்தார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. இயக்குநர் குழுவில் இருப்பவர்கள் தயவுசெய்து அந்த ஒரு குறிப்பையாவது படியுங்கள்.

மாறும் வட்டிக் கடன் என்றால் தப்பித்தோமா? பாதிதான். அடிப்படை வட்டி மாறும், அதன்மேல் கடன்காரரின் இடருக்காக வைத்த கூடுதல் வட்டி (இடர் கூடுதல்) மாறாது. கடன்காரரின் நிலை மோசமாகியிருந்தால் அந்தக் கூடுதல் இன்று போதாது. நிலையான வட்டிக் கடனிலும் எதிர்ப்பக்கத்தை மறக்காதீர்கள்: வட்டி இறங்கினால் கடன்காரர் முன்கூட்டியே அடைத்துவிட்டுப் போகலாம். ஆகவே ஏறும்போது இழக்கிற அளவுக்கு இறங்கும்போது லாபம் காட்ட முடியாது.

பொறுப்புகள் பக்கம் வேறு விளையாட்டு நடக்கிறது. சேமிப்பு, நடப்புக் கணக்குப் பணம் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும் என்று சொல்லி, அதைத் தள்ளுபடி செய்து (வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து) குறைத்துக் காட்டுகிறார்கள். கூடாது. கேட்டவுடன் கொடுக்க வேண்டிய வைப்பின் நியாய மதிப்பு, கொடுக்க வேண்டிய தொகைக்குக் கீழே போகக் கூடாது என்று ஐஎஃப்ஆர்எஸ் 13 நேராகவே சொல்கிறது. வாடிக்கையாளர் விசுவாசத்துக்கு மதிப்பு உண்டுதான். ஆனால் அது தனிச் சொத்து, வைப்பின் மதிப்பு அல்ல. காலவரை வைப்புகளை மட்டும், எஞ்சிய காலத்துக்கான இன்றைய வட்டியில் தள்ளுபடி செய்யுங்கள்.

லெவல் 1, 2, 3 விஷயத்தில் ஒரே ஒரு புலம்பல். நியாய மதிப்பு எதிலிருந்து வந்தது என்று காட்டும் வகைகள் இவை: லெவல் 1 சந்தையில் அப்படியே காணும் விலை, லெவல் 2 சந்தையில் காணும் மற்ற தகவல்கள், லெவல் 3 சந்தையில் காண முடியாத சொந்த மதிப்பீடுகள். வட்டி விகிதம் சந்தையிலிருந்து வந்தது என்பதற்காகக் கடன் மொத்தத்தையும் லெவல் 2இல் போடாதீர்கள். இடர் கூடுதல் உங்கள் உள்மதிப்பீடாக இருந்து, அது விடையைக் கணிசமாக மாற்றுமானால், முழுக் கடனும் லெவல் 3. லெவல் 3 என்று போட்டால் வெளியே சொல்ல வேண்டியவை கூடும் என்ற பயத்தில் மேலே ஏற்றுவதைப் பல கோப்புகளில் பார்க்கிறேன்.

கணக்குப் போட உட்காரும்போது கடன்களை எஞ்சிய காலம், வட்டி வகை, இடர் தரம் என்று பிரியுங்கள். ஆண்டுக் கடைசி நாளின் வட்டி விகிதங்களை எடுங்கள். முந்தைய மாத அறிக்கையில் இருந்தது வேண்டாம். எதிர்பார்ப்பு இழப்பைப் பண வரவில் கழித்துவிட்டு அதையே தள்ளுபடி விகிதத்திலும் ஏற்றாதீர்கள், ஒரே இடரை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். உங்கள் வங்கி இன்று கடனுக்கு வாங்கும் வட்டி சந்தையை விட்டு விலகியிருந்தால் மற்ற வங்கிகள் வாங்குவதைப் பாருங்கள். எஞ்சிய கால விவரம் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்காது. கணினிப் பிரிவிடம் அதைக் கணக்கு முடிந்த பிறகு கேட்காமல், ஆண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.