இன்ஹிபிஷன்: தடையா, அடக்கலா?

உளவியல் பாடங்களில் ‘இன்ஹிபிஷன்’ என்ற சொல்லைத் ‘தடை’ என்று எழுதிவிடுகிறோம். தடை வெளியிலிருந்து விழுவது, மீன்பிடித் தடைக்காலம் மாதிரி. இங்கே பேச்சு, பாதி கிளம்பிவிட்ட கையைத் தானே இழுத்துப் பிடிப்பது பற்றி.

மூலம் லத்தீன் ‘இன்ஹிபேரே’. ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஹபேரே’ என்றால் பிடித்திருத்தல். படகோட்டிகளிடமும் இந்தச் சொல் புழங்கியது. துடுப்பை அசைக்காமல் வைத்திருப்பதுதான் இது என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோவே நினைத்திருந்தார். கி.மு. 45இல் தன் வீட்டருகே ஒரு கப்பல் கரைசேர்ந்தபோதுதான் தெரிந்துகொண்டார்: துடுப்பு ஓய்வதில்லை, வேறுவிதமாக, பின்னோக்கி வலிக்கிறது. ஆக, இது சும்மா இருப்பதல்ல, எதிர்வேலை.

உடலியலுக்குள் இந்தக் கருத்து வந்ததும் இதயத்தின் வழியாகத்தான். 1845இல் ஜெர்மன் ஆய்வாளர்களான வெபர் சகோதரர்கள், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது தவளையின் இதயம் நின்றது. தூண்டினால் உறுப்பு இயங்கும் என்று நம்பியிருந்த காலம் அது.

மனதுக்கான சோதனை எளிது. திரையில் அம்புக்குறி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். நான்கில் ஒரு முறை, அம்பு வந்த சற்று நேரத்தில் ஓர் ஒலி கேட்கும். கேட்டால் அழுத்தக் கூடாது. கையை நிறுத்திவிட்டால் அடுத்த முறை ஒலி 50 மில்லிசெகண்ட் தாமதமாக வரும், தவறினால் 50 முன்னதாக. கை அடங்கும் அந்தக் கணத்தில் அடுத்த இதயத்துடிப்பும் சற்றுத் தள்ளிப்போவதை 1992இல் உளவியலாளர் ஜென்னிங்ஸ் குழுவினர் காட்டினார்கள். இவ்வளவு சடுதியில் நடக்கக் காரணம், வேகஸ் சுரக்கும் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் ஒரு துடிப்புக்குள்ளேயே வேலையைக் காட்டிவிடுவதுதான்.

நிமிடக் கணக்கில் பார்த்தால் இது சிக்காது. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் இடைவெளி 800 மில்லிசெகண்ட்; அதில் ஒன்று மட்டும் 840 ஆனால் சராசரி அசையவே அசையாது. ஈ.சி.ஜி.யில் ஒவ்வொரு துடிப்புக்கும் எழும் உயரமான கூர்முனைக்கு ‘ஆர்’ என்று பெயர்; ஓர் ஆர் முனையிலிருந்து அடுத்த ஆர் முனைவரை அளக்க வேண்டும். மூச்சும் குழப்பும்: இழுக்கும்போது துடிப்பு விரையும், விடும்போது மெதுவாகும். அதனால் 50 நிறுத்தங்களாவது சேர்த்துச் சராசரி பார்க்க வேண்டும். ஒலி வருமோ என்று காத்திருந்து அழுத்துபவர்களும் கணக்கைக் கெடுப்பார்கள்.

தமிழில் ‘அடக்கு’தான் பொருந்துகிறது. சிரிப்பை அடக்குவது உழைப்பு. ‘பைக்குள் அடங்கும்’ என்பதில் உள்ளே கொள்வதும் இருக்கிறது. ‘அடக்கம்’ பணிவுக்கும் புதைப்பதற்கும் போய்விட்டதால் ‘செயலடக்கல்’ எனலாம். இதயத்துக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். ‘நாடி அடங்கிவிட்டது’ என்றால் வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். அங்கே ‘துடிப்புத் தணிவு’ போதும்.