உயிரியல் தேர்வு நெருங்குகிறதா? புத்தகத்தை மூடி வைத்துப் படியுங்கள்

இறுதித் தேர்வுக்கான திருப்புதல் வகுப்பை ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குவேன். "சின்ன விதை பெரிய மரமாகிறதே, அந்த எடை முழுக்க எங்கிருந்து வந்தது?" பெரும்பாலானவர்கள் மண்ணிலிருந்து என்பார்கள். சிலர் தண்ணீர் என்பார்கள். அதே பிள்ளைகளிடம் ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைக் கேட்டால் பிழையில்லாமல் எழுதிக் காட்டுவார்கள். காற்றிலிருந்து இலைக்குள் போகும் கார்பன்தான் மரக்கட்டையாக நிற்கிறது என்பது மட்டும் மனதில் ஒட்டியிருக்காது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி ஒரு வில்லோ மரக்கன்றைத் தொட்டியில் நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். 5 பவுண்டு கன்று ஏறத்தாழ 169 பவுண்டு மரமானது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ்தான். மண் காரணமில்லை என்று சரியாகக் கண்டவர், அப்படியானால் எல்லாம் தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார். காற்றை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. குளுக்கோஸில் உள்ள கார்பனும் ஆக்சிஜனும் கார்பன் டைஆக்சைடிலிருந்து வருகின்றன, ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வருகிறது, நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜன் தண்ணீர் பிளந்ததில் வெளிவந்தது. இந்த மூன்றையும் புத்தகம் பார்க்காமல் சொல்ல முடிந்தால் அந்தப் பாடம் உங்களுக்கு வந்துவிட்டது.

பல ஆண்டுகளாக விடைத்தாள் திருத்துகிறேன். படிக்காததால் போகும் மதிப்பெண்ணைவிட, படித்ததாக நினைத்துக்கொண்டதால் போகும் மதிப்பெண் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வண்ணப் பேனாவால் கோடிட்ட பக்கத்தை நான்காவது தடவை புரட்டும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். பழகிய பக்கம் என்பதால் அப்படித் தோன்றுகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்களே கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

சரி, எதை எழுதிப் பார்ப்பது? இரண்டு பாடங்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். மாணவர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான்.

செல் பிரிதலையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் செல் பெருகும் மைட்டோசிஸில் இரண்டு செல், இனச்செல் உருவாகும் மியாசிஸில் நான்கு செல் என்று எல்லோருக்கும் தெரியும். மனிதரில் அந்தச் செல்களின் குரோமோசோம் எண்ணிக்கை முறையே 46, 23 என்பதும் தெரியும். ஆனால் மரபியல் கணக்கில், உயரத்துக்கான T, குட்டைக்கான t என்ற இரண்டு மரபணு வடிவமும் உள்ள Tt செடியின் இனச்செல்லில் என்ன இருக்கும் என்றால், 'Tt' என்றே எழுதிவைத்திருப்பார்கள். மெண்டல் தன் பட்டாணிச் செடி ஆய்வை 1866இல் வெளியிட்டபோது குரோமோசோம் பற்றி அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். மியாசிஸின் முதல் பிரிதலில் ஒத்த குரோமோசோம் சோடி பிரிகிறது, அதனால் ஓர் இனச்செல்லுக்கு T அல்லது t, ஏதாவது ஒன்றுதான் போகும். இரண்டு சோடி குரோமோசோம்களை இரண்டு நிறத்தில் வரைந்து, நான்கு செல் வரும்வரை கையால் பிரித்துப் பாருங்கள். அடுத்த தலைமுறைக்கு எந்த மரபணுக்கள் சேரும் என்று கணக்கிடும் பன்னெட் கட்டம் அதற்கப்புறம் மனப்பாடம் செய்யும் பொருளாகவே இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை நோய். ஒரு வெற்றுத் தாளின் நடுவில் இந்தப் பெயரை எழுதிவிட்டுத் தொடங்குங்கள். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறுகிறது. அதன் நகலான ஆர்என்ஏவில் GAG என்ற மூன்றெழுத்து இருந்த இடத்தில் GUG வருகிறது. புரதத்தைக் கட்டும் ரைபோசோம், குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற அமினோ அமிலத்தைக் கோக்கிறது. ஹீமோகுளோபினின் தன்மை மாறுகிறது, ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள் போல வளைகிறது, நுண்ணிய ரத்தக்குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. பெற்றோர் இருவரும் இந்த மாறிய மரபணுவில் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்கள் என்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. அதனால்தான் மலேரியா மிகுந்த பகுதிகளில் இந்த மரபணு அழியாமல் தொடர்ந்தது. மரபணு, புரதம், ரத்த ஓட்டம், மரபியல், இயற்கைத் தேர்வு என ஐந்து பாடங்கள் ஒரு தாளில் வந்துவிட்டன. எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ, அந்தப் பக்கத்தை மட்டும் புத்தகத்தில் திறந்தால் போதும்.

வழக்கமாக மதிப்பெண்ணைப் பறிக்கும் சில வரிகளையும் சொல்லிவிடுகிறேன். தாவரம் இரவில் மட்டும் சுவாசிப்பதில்லை, பகலிலும் சுவாசிக்கிறது. அதிக வெப்பத்தில் நொதி 'சாவதில்லை', அதற்கு உயிரே கிடையாது. அதன் வடிவம் குலைகிறது. தமனி என்றால் ஆக்சிஜன் மிகுந்த ரத்தம் என்று எழுதாதீர்கள், நுரையீரல் தமனி அதற்கு விலக்கு. இதயத்திலிருந்து வெளியே கொண்டு போவது தமனி, அவ்வளவுதான். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டது எட்டி எட்டிப் பார்த்ததால் அல்ல, இயற்கைத் தேர்வால்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "படிச்சு முடிச்சியா?" என்று கேட்காமல், "இதை எனக்குச் சொல்லிக் கொடு" என்று உட்காருங்கள். உங்களுக்கு உயிரியல் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல அவர்கள் மெனக்கெட வேண்டியிருக்கும். தேர்வுக்கு முந்தைய இரவு, வரைந்த தாள்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்க விடுங்கள். அந்த இரவில் புதுப் பாடம் எதையும் திறக்க வேண்டாம்.