டிஸ்க் பிழை தானாகச் சரியானால் போதுமா? நமக்கும் சொல்ல வேண்டாமா?

போன வருடம் ஒரு போட்டோ ஸ்டூடியோவிலிருந்து கூப்பிட்டார்கள். சர்வரில் இரண்டு ஹார்ட் டிஸ்க், இசட்எஃப்எஸ் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிப் பராமரிக்கும் ஃபைல் சிஸ்டம்களில் ஒன்று) மிரர். ஒன்றில் இருப்பதெல்லாம் இன்னொன்றிலும் இருக்கும். ஒரு டிஸ்க் செத்துப்போயிருந்தது, அவ்வளவுதானே என்று புதியதைப் போட்டு, மிச்சமிருந்த டிஸ்கிலிருந்து நகல் ஓடவிட்டேன். பாதி ஓடியபோது ‘பர்மனன்ட் எரர்ஸ்’ என்று ஒரு பட்டியல் வந்தது. நாற்பது சொச்சம் கல்யாணப் படங்கள், எதைத் திறந்தாலும் இன்புட் அவுட்புட் எரர்.

பழைய லாக்கைத் தோண்டினால், உயிரோடு இருந்த அந்த டிஸ்க் ஏழு மாதமாகவே அவ்வப்போது தப்பாகப் படித்துக் கொடுத்திருக்கிறது. இசட்எஃப்எஸ் டேட்டாவின் ஒவ்வொரு துண்டுக்கும் (பிளாக்) செக்சம், அதாவது உள்ளே இருப்பது மாறிவிட்டதா என்று சோதிக்கும் ஓர் எண், வைத்திருக்கும். அது பொருந்தாவிட்டால் அடுத்த டிஸ்கில் இருக்கும் நல்ல பிரதியை நமக்குக் கொடுத்துவிட்டு, கெட்ட இடத்திலும் அதையே எழுதிவிடும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் படித்துப் பார்த்த இடத்தைத்தான் அது சரிசெய்யும். யாரும் திறக்காத பழைய படங்களையும் சேர்த்துச் சோதிக்கத்தான் உபுண்டு லினக்ஸில் மாதம் ஒரு ஞாயிறு நள்ளிரவில் ஸ்க்ரப் என்ற முழுச் சோதனை ஓடும்படி வைத்திருக்கிறார்கள். இவர்களோ இரவானால் மெஷினை அணைத்துவிடுவார்கள்.

அணைப்பதில் இன்னொரு வினையும் உண்டு: இசட்எஃப்எஸ்ஸின் பிழை எண்ணிக்கை ரீபூட் ஆனதும் பூஜ்யமாகிவிடும், அதனால் தினமும் காலையில் யார் ஸ்டேட்டஸ் பார்த்தாலும் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்திருக்கும். பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் இந்தக் கணக்கை டிஸ்கிலேயே எழுதி வைத்துக்கொள்கிறது, எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை காட்டினால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்பார்கள். உண்மைதான். பென் டிரைவைச் செருகியதும் ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ என்று விண்டோஸ் கேட்பதை எத்தனை பேர் படிக்கிறோம்? கரண்ட் போய் வந்தபின் லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 தன் ஜர்னலை (செய்யவிருக்கும் மாற்றங்களின் குறிப்பேடு) ஓட்டிச் சரியாக்கிக்கொள்வதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை, அது எதிர்பார்த்த வேலை. ஆனால் எழுதிய டேட்டா ஒன்று, திரும்பி வந்தது வேறொன்று என்றால் அது வேறு கதை. டிஸ்கோ, கேபிளோ, மெமரியோ, ஏதோ ஒன்று கெட்டுக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்த கையோடு சொல்லியே ஆக வேண்டும்.

ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளை செய்யும் ‘கரெக்‌ஷன்’ இன்னும் மோசம். அது ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பை ஒழுங்குபடுத்துமே தவிர உங்கள் ஃபைலைக் காப்பாற்றும் என்று எந்த உறுதியும் இல்லை. பெயர் தொலைந்தவை லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டரில் வெறும் எண்ணாகக் கிடக்கும். பூட் ஆகும்போது ஒரு வரி ஓடி மறையும், பிழை திருத்தப்பட்டது என்று எக்ஸிட் கோட் 1 வரும், மெஷினும் பாட்டுக்கு மேலே ஏறிவிடும்.

ஃபைல் சிஸ்டத்தை இயக்கும் டிரைவரே திரையில் ஜன்னல் திறக்க வேண்டாம், அது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் வேலையும் அல்ல. எந்த டிஸ்க், எப்போதிலிருந்து, எத்தனை தடவை என்பதை அழியாமல் எழுதி வைத்து மேலே அனுப்பினால் போதும். அதை மனிதருக்குப் புரியும் ஒரே வரியில் காட்டுவது டெஸ்க்டாப்பின் பொறுப்பு.

அந்த ஸ்டூடியோவில் இப்போது பகலிலேயே ஸ்க்ரப் ஓடுகிறது. அணைக்கும் முன் அன்றைய எண்ணிக்கையை ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்து, பூஜ்யம் இல்லையென்றால் உரிமையாளரின் போனுக்கும் எனக்கும் செய்தி அனுப்பும். போன மாதம் ‘3’ என்று வந்தது. போய்ப் பார்த்தால் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட்டில் சிஆர்சி எண்ணிக்கை (கேபிள் வழியே டேட்டா போய்வரும்போது நேர்ந்த பிழைகள்) ஏறியிருந்தது. சாட்டா கேபிளை மாற்றினேன், அதற்கப்புறம் செய்தி வரவில்லை.