பிரேக் பிடிக்கிறது: வட்டு, கட்டை, பிடி

வண்டியை நிறுத்தும் பிரேக்குக்கும் வேலைக்கு நடுவே எடுக்கும் பிரேக்குக்கும் ஆங்கிலத்தில் எழுத்து வேறு, ஒலி ஒன்று. தமிழில் எழுதும்போது அந்த எழுத்து வேறுபாடும் போய்விடுகிறது. ஆனாலும் நமக்குக் குழப்பம் வருவதில்லை. 'பிரேக் விட்டார்கள்' என்றால் இடைவேளை. 'பிரேக் பிடித்தார்' என்றால் வண்டி. வினைச்சொல் வந்து பிரித்துக் கொடுத்துவிடுகிறது. 'பிரேக் பிடிக்கவில்லை' என்று சொல்லும்போதோ பிடிப்பது நாம்கூட இல்லை, பிரேக்கே. காருக்கு மேம்பட்ட டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடு) பேடும் (அதை அழுத்திப் பிடிக்கும் துண்டு) மாற்ற நினைப்பவர்கள் இந்தப் 'பிடி' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் 'பிரேக்'. இடைக்கால டச்சு, ஜெர்மானிய மொழிகளில் ஆளிச் செடியின் தண்டை நொறுக்கி நார் பிரிக்கும் கருவிக்கு இதை ஒத்த பெயர் இருந்தது. 'உடைத்தல்' என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து வந்த பெயர் அது. அழுத்தி நொறுக்கும் கருவிக்கு வழங்கிய சொல், பிறகு சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் கருவிக்கும் வந்து சேர்ந்தது.

நம் பக்கம் இந்த வேலைக்கு இருந்த சொல் முட்டுக்கட்டை. உருளும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை. இன்று அது 'நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே' என்று பேச்சில் மட்டும் வாழ்கிறது, வண்டியிலிருந்து இறங்கிவிட்டது. ஆனால் அதன் பாதி இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. சைக்கிளில் ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் துண்டுக்குப் பிரேக் கட்டை என்றுதானே பெயர்? கார் பேடுக்கும் அதுவே போதும். பேட் என்ற ஆங்கிலச் சொல் தொடக்கத்தில் வைக்கோல் படுக்கை, மெத்தென்ற விரிப்பு போன்றவற்றைக் குறித்தது. அதைப் பார்த்து 'திண்டு', 'அட்டை' என்றெல்லாம் மொழிபெயர்த்தால் மென்மையான பொருள் ஒன்று மனதில் வரும். கையில் எடுத்துப் பாருங்கள்: இரும்புத் தகட்டின்மேல் அழுத்தி ஒட்டிய, கல் போன்ற ஒரு துண்டு. கட்டையேதான்.

பழைய முட்டுக்கட்டைக்கும் இன்றைய பேடுக்கும் நடுவே ஒரு பழைய செருப்பு உண்டு. இங்கிலாந்தின் டார்பிஷர் மேடுகளில் வண்டி இறக்குபவர்கள், மரக்கட்டை சக்கரத்தில் வழுக்காமலிருக்கப் பழைய பூட்ஸ் தோலைக் கட்டையில் பொருத்தினார்களாம். அதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃபுரூட் 1897இல் உராய்வுக்கென்றே தனிப் பொருள் செய்யத் தொடங்கினார். அவர் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப்போட்டு, கூடவே ஓர் 'ஈ' எழுத்தும் சேர்த்து உருவான ஃபெரோடோ என்ற பெயர் இன்றும் பேடுகளில் இருக்கிறது. கட்டை எதனால் ஆனது என்பதே பிடியைத் தீர்மானிக்கிறது என்று அன்றே தெரிந்துவிட்டது.

அடுத்தது டிஸ்க். கிரேக்க மொழியில் 'எறிதல்' என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து பிறந்தது. விளையாட்டு வீரர் வீசும் வட்டத் தகடு அது. தமிழில் அதற்கு நேர் சொல் வட்டு. பள்ளி விளையாட்டு விழாவில் 'வட்டெறிதல்' என்று அறிவிப்பார்களே, அதே வட்டு. 'அரங்கின்றி வட்டாடியற்றே' என்று 401ஆம் குறளில் வரும் வட்டும் விளையாட்டுக் காய்தான். இரண்டு மொழியிலும் விளையாட்டிலிருந்து கிளம்பிய சொல் சக்கரத்துக்குள் வந்து உட்கார்ந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ரோட்டர் என்பதும் இதே பொருளைத்தான் குறிக்கிறது. சுழல்வது என்று பொருள். காலிப்பருக்கு இடுக்கி என்றால் சரியாக இருக்கும். ஆக, இடுக்கி இரண்டு கட்டைகளால் வட்டை இருபுறமும் பிடிக்கிறது. பொறியியலே தெரியாதவருக்கும் இந்த ஒரு வாக்கியத்தில் டிஸ்க் பிரேக் புரிந்துவிடும். இந்த அமைப்புக்கு ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே காப்புரிமை பெற்றார். 1953இல் பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1955இல் வந்த சிட்ரோயன் டிஎஸ் காரில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க்தான்.

சரி, 'அப்கிரேட்'. இலத்தீனில் 'படி' என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து வந்தது; தமிழில் தரம் உயர்த்தல், மேம்படுத்தல். இந்தச் சொல்லில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். படி ஏறினால் எல்லாம் கூடும் என்று நினைக்கத் தோன்றுகிறது. பிரேக்கில் அப்படிக் கிடையாது. இப்போதிருக்கும் பிரேக்கே ஓங்கி மிதித்தால், சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால், அந்த ஒரு நிறுத்தத்தின் தூரத்தை முடிவு செய்வது டயரும் சாலையும்தான். பெரிய வட்டு போட்டாலும் அது பெரிதாகக் குறையாது. பிறகு எதற்கு மாற்றுவது? சூட்டுக்காக.

1,200 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் ஏறத்தாழ 463 கிலோஜூல் ஆற்றலை எங்காவது இறக்கி வைக்க வேண்டும். 20 டிகிரியில் இருக்கும் சுமார் 1.4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு அது. அதில் பெரும்பகுதியை வட்டுகளும் கட்டைகளும் சில நொடிகளில் வாங்கிக்கொள்கின்றன. ஒருமுறை என்றால் தாங்கும். நீண்ட மலையிறக்கத்தில் மறுபடி மறுபடி மிதித்தால்? ஒருமுறை நானே அப்படி இறங்கினேன். ஏழெட்டு வளைவுக்குப் பிறகு கருகிய வாடை வந்தது. பெடல் கெட்டியாகவே இருந்தது, மிதித்தால் வண்டிதான் முன்போல நிற்கவில்லை. ஆங்கிலத்தில் இதற்கு ஃபேட் என்று பெயர். துணிச் சாயம் வெளுப்பதற்கும் இதே சொல். 'பிரேக் மங்கல்' என்று எழுதினால் ஒன்றும் புரியாது. பிடி தளர்தல் என்பதே சரியான தமிழ். பெடல் கெட்டியாக இருந்து பிடி தளர்ந்தால் கட்டை சூடேறிவிட்டது என்று பொருள். பெடலே பஞ்சு போல உள்ளே போனால், மிதிக்கும் அழுத்தத்தைக் கட்டைக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கலாம். இந்த இரண்டாவதற்கு எந்த விலையுயர்ந்த வட்டும் மருந்தாகாது. புதிய 'டாட் 4' தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சியபின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். எனவே முதலில் ஆயிலை மாற்றுங்கள், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்.

பிடியை வெறும் சொல்லாக விடாமல் எண்ணாகவும் பார்க்கலாம். பல பேடுகளின் விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அதன் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்துகள்: முதலாவது சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு என்று சொல்லும், இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்று சொல்லும். ஈ என்றால் உராய்வுக் கெழு (உராய்வு விசைக்கும் அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதம்) 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. எஃப், ஈ என்று இருந்தால் சூட்டில் பிடி இறங்குகிறது. எஃப், எஃப் என்றால் ஒரே நிலையில் நிற்கிறது. தினசரி ஓட்டத்துக்கு ஜி என்று முறைக்கும் கட்டையைவிட, மாறாமல் நிற்கும் எஃப்பையே நான் தேர்ந்தெடுப்பேன். பந்தயக் கட்டைகளோ சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். காலையில் முதல் சாலைச் சந்திப்பில் அவை கைகொடுக்காமல் போகலாம். மாற்றுக் கட்டைகளுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 90இன் முத்திரை இருந்தால், அந்தக் கட்டையின் செயல்பாடு காரின் அசல் கட்டையிலிருந்து 15 விழுக்காட்டுக்குமேல் விலகவில்லை என்று சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். இது எனக்கு விளம்பரத்தைவிடப் பெரிய ஆறுதல்.

வட்டில் துளையிட்டது, கோடு கீறியது, உள்ளே காற்றுவழி உள்ளது என்று வகைகள் உண்டு. காற்றுவழி சூட்டைத் தணிக்கும், அது உண்மையான பலன். துளைகள் பார்க்க அழகு. கடும் சூட்டில் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். கீறல்கள் கட்டையின் மேற்பரப்பைச் சுரண்டிப் புதுப்பிக்கும், கட்டை கொஞ்சம் வேகமாகத் தேயும். சாதாரண ஓட்டத்துக்கு நல்ல வார்ப்பிரும்பில் செய்த காற்றுவழி வட்டே போதும். பெரிய வட்டு என்றால் அதற்குச் சக்கரத்துக்குள் இடம் இருக்கிறதா, முன், பின் சக்கரப் பிரேக்குகளின் சமநிலை கெடாதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

கடைசியாக ஒரு தவறான சொல்: 'டிஸ்க் வளைந்துவிட்டது'. பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் அதிர்கிறது என்று ஒரு பட்டறைக்குப் போனபோது இதைத்தான் சொன்னார்கள். இரண்டு வட்டும் புதிதாய் மாற்றினேன். கொஞ்ச நாளில் அதே அதிர்வு. இன்னொருவர் வட்டைக் கழற்றிக் காட்டினார். அது உட்காரும் ஹப்பின் (சக்கரத்தின் நடுக் குடம்) முகத்தில் செதில் செதிலாகத் துரு. அதனால் வட்டு நூலிழை சாய்ந்து சுற்றி, கட்டையில் உரசி உரசித் தடிப்பு ஓரிடத்தில் குறைந்து ஓரிடத்தில் கூடியிருந்தது. இதை வளைவு என்பது தவறு, தடிப்பு மாறுபாடு என்பதே சரி. பெயர் தவறினால் வைத்தியமும் தவறும், பணமும் போகும். துருவை கம்பிப் பிரஷால் தேய்த்து, ஹப் முகத்தைச் சுத்தம் செய்து, தடிப்பு சீரான வேறு வட்டை மாட்டி, நட்டுகளைக் குறித்த முறுக்கில் இறுக்கிய பிறகு, புதுக் கட்டைகளைப் பழக்கினோம். ஆங்கிலத்தில் 'பெட்டிங்' என்பார்கள். தமிழில் பழக்குதல், புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது போல. ஆளில்லாத நேரான சாலையில் 60 கி.மீ.யிலிருந்து அளவாக மிதித்து, முழுதாக நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்து, மறுபடி ஏற்றி, இப்படிப் பத்துமுறை. பிறகு பிரேக்கைத் தொடாமல் ஆறவிட்டு ஓட்டினோம். கட்டையின் மெல்லிய படலம் வட்டில் ஒரே சீராகப் படிந்து சாம்பல் நிறமாக மின்னியது. அதன் பிறகு ஸ்டியரிங் அதிரவே இல்லை.