புகைக்குப் பின்னால் இருக்கும் 61 சதவீதம்

ஸ்காட்லாந்தில் உணவகப் பணியாளர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் விஸ்கியைச் சுவைத்து மதிப்பிடும் பயிற்சி அளிப்பது என் தொழில். புருக்லாடி வடிசாலையின் ஆக்டோமோர் 8.3 என்ற விஸ்கியை மேசையில் வைத்து, அதன் மால்ட், அதாவது முளைவிட்டு உலர்த்திய பார்லி, 309.1 பிபிஎம் அளவுக்குப் புகையூட்டப்பட்டது என்று சொன்னவுடன், "இந்த எண் கூடினால் போதையும் கூடுமா?" என்று யாரேனும் ஒருவர் கேட்காமல் வகுப்பு நகர்வதில்லை. அந்த எண்ணுக்கும் போதைக்கும் தொடர்பே கிடையாது. அதே புட்டியில் இன்னோர் எண்ணும் இருக்கிறது: ஆல்கஹால் 61.2 சதவீதம். கவனிக்க வேண்டிய எண் அதுதான் என்றாலும், அதைப் பற்றி என்னிடம் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தப் புகையைத் தரும் பீட் என்பது சதுப்பு நிலங்களில் பாசியும் புல்லும் புதரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரைகுறையாக மக்கிப் படிந்த அடுக்கு. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் அதைக் கட்டிகளாக வெட்டிக் காயவைத்து எரிக்கிறார்கள். முளைவிட்ட பார்லியை உலர்த்தும் சூளைக்குள் அந்தப் புகையைச் செலுத்தும்போது, ஈரம் காயாத தானியத்தின் மேல் ஃபீனால், கிரெசால், குவாயகால் முதலிய சேர்மங்கள் படிகின்றன. பிபிஎம் என்பது அந்த மால்ட்டில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு ஃபீனால்கள் இருக்கின்றன என்ற கணக்கே தவிர, கோப்பையில் இருக்கும் விஸ்கியைப் பற்றிய கணக்கு அன்று. மால்ட்டை அரைத்து, வெந்நீரில் கரைத்து, நொதிக்கவைத்து, இரு முறை வடித்து முடிப்பதற்குள் அந்த ஃபீனால்களில் பெரும்பங்கு சக்கையோடும் கழிவு நீரோடும் போய்விடும்.

எஞ்சுவது எவ்வளவு, எத்தகையது என்பதை வடிப்பவரின் கை முடிவு செய்கிறது. வடிகலனிலிருந்து வரும் முதல் வடியையும் கடை வடியையும் ஒதுக்கி, நடு வடியை மட்டுமே பீப்பாய்க்கு எடுப்பது வழக்கம். புகைச் சேர்மங்கள் பிந்தி வருபவை. ஆகவே நடு வடியைச் சற்று நீட்டித்துப் பிடிக்கும் வடிசாலையின் சாராயத்தில் மருந்து நெடியும் தார் நெடியும் கூடுகின்றன. முன்னதாகவே நிறுத்திக்கொள்ளும் இடத்தில் புகை மெலிந்து, பழவாசம் முன்னே நிற்கிறது. ஐலா வடிசாலைகளான லகவூலினுக்கும் கல் ஈலாவுக்கும் போர்ட் எலன் மால்ட் சாலையிலிருந்து ஏறத்தாழ ஒரே அளவு புகையூட்டிய மால்ட்தான் செல்கிறது. இருப்பினும் இரண்டின் விஸ்கியையும் அருகருகே முகர்ந்தவர் எவரும் ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாறமாட்டார். பிபிஎம் எண்ணை வைத்து விஸ்கியைத் தேர்ந்தெடுப்பது, மிளகாயின் எடையை மட்டும் கேட்டுவிட்டுக் குழம்பின் ருசியைத் தீர்மானிப்பதற்கு ஒப்பானது.

இனி விஸ்கியின் இளமைக்கு வருகிறேன். ஸ்காட்ச் என்ற பெயரைத் தாங்க வேண்டுமானால் ஸ்காட்லாந்திலேயே, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில், குறைந்தது 3 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். புட்டியில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. புட்டியில் வயது குறிப்பிட்டால், உள்ளே கலந்திருப்பவற்றுள் மிக இளையதன் வயதையே குறிப்பிட வேண்டும். இந்தச் சட்டத்துக்கு உட்பட்டு 5 வயதிலேயே கம்பீரமாக வெளிவருபவை பீட் விஸ்கிகள். 2020இல் ஆர்ட்பெக் வடிசாலை வெளியிட்ட வீ பீஸ்டியும், மேலே சொன்ன ஆக்டோமோர் 8.3உம் அந்த வயதுடையவை. புகையில்லாத மால்ட் விஸ்கி அந்த வயதில் பெரும்பாலும் பச்சைத் தானியமும் பேரிக்காயும் கலந்த வாடையுடன், மரத்தோடு இன்னும் பழகாத சாராயமாகவே இருக்கும். பீட் விஸ்கியிலும் அந்தப் பச்சை வாடை இருக்கத்தான் செய்கிறது; ஆனால் புகையின் ஆரவாரத்தில் அது நம் காதில், இல்லை, மூக்கில் விழுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லப் புகை தணிந்து மரம் பேசத் தொடங்கும். 1997இல் உரிமையாளர் மாறிய ஆர்ட்பெக் வடிசாலை, 1998இல் வடித்த சாராயத்தை 2004, 2006, 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை புட்டியிலடைத்து, ஒரே பிள்ளை வளர்வதைக் காட்டுவதுபோல் வெளியிட்டது. இளமையை மறைக்காமல் சொல்லி விற்ற அந்தத் துணிவு எனக்குப் பிடித்தமானது. நிறத்தைப் பார்த்து வயதைக் கணிக்கலாம் என்று எண்ண வேண்டாம்; கேரமல் நிறமி சேர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது.

சுவைப்பதில் முதல் பிழை, மூக்கைக் கோப்பைக்குள் நுழைத்து ஆழமாக இழுப்பது. அறுபது சதவீத ஆல்கஹாலின் ஆவி மூக்கின் உட்தோலைச் சுட்டுவிட்டால், அடுத்த சில நிமிடங்களுக்கு எந்த வாசனையும் தெளிவாகத் தெரியாது. கோப்பையை முகவாய்க்குக் கீழே பிடித்து, வாயைச் சிறிது திறந்தபடி, மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். முதலில் வருவது புகை. அது என்ன புகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். அணைந்த விறகடுப்பின் சாம்பலா, சுட்ட கருவாடா, புதிதாகப் போட்ட தார்ச் சாலையா, காயத்துக்குத் தடவும் டிங்சரா, பழைய கார்பாலிக் சோப்பா? என் வகுப்புக்கு வரும் தமிழர்கள் ஐலா விஸ்கியை முகர்ந்ததும் "ஆஸ்பத்திரி வாடை" என்று முகம் சுளிப்பதுண்டு. அவர்கள் சொல்வது வேதியியல்படி முற்றிலும் சரி. கார்பாலிக் அமிலம் என்பது ஃபீனாலின் மறுபெயர்தான். கிராம்பை நினைவூட்டும் நெடியும் அப்படியே: கிராம்பின் யூஜினாலும் புகையின் குவாயகாலும் வேதியியலில் நெருங்கிய உறவினர்.

அடுத்தது தண்ணீர். பீட் விஸ்கியில் தண்ணீர் சேர்ப்பது பாவம் என்ற எண்ணம் எங்கிருந்து பரவியது என்று தெரியவில்லை. விஸ்கியைத் தொழிலாக முகர்பவர்கள் அதை 20 சதவீதம் வரை நீர்க்கவைத்தே முகர்கிறார்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சனும் ஃப்ரீட்மனும் 2017இல் வெளியிட்ட கணினிவழி ஆய்வு இதற்கு ஒரு காரணம் சொல்கிறது: ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது குவாயகால் மூலக்கூறுகள் எத்தனாலால் சூழப்பட்டுத் திரவத்துக்குள்ளேயே தங்கிவிடுகின்றன, 45 சதவீதமும் அதற்குக் கீழும் இறங்கும்போது அவை மேற்பரப்பை நாடுகின்றன. மூக்குக்கு எட்டுவது மேற்பரப்பில் இருப்பதுதானே. 61.2 சதவீத விஸ்கி 20 மில்லிக்குச் சுமார் 10 மில்லி தண்ணீர் சேர்த்தால் 40 சதவீதத்துக்கு வந்துவிடும். துளித்துளியாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் முகர்ந்தால், எலுமிச்சைத் தோல், உப்புக் கடற்காற்று, வெனிலா என்று புகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவை ஒவ்வொன்றாக வெளிவருவதைக் காணலாம். இனிப்பான பச்சைத் தானிய வாடையும் அப்போதுதான் தெரியும்; அதுவே வயதின் அடையாளம்.

வாயில் வைத்ததும் எரிகிறது. இங்கேதான் புகை நம்மை ஏமாற்றுகிறது. நாவும் தொண்டையும் எரிவதைப் புகையின் காரம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் எரிப்பது ஆல்கஹால். சூட்டை உணரும் நரம்பு முனைகளை அது கிளறிவிட்டு, உடலின் இயல்பான வெப்பத்தையே சுடுவதாக உணரச் செய்கிறது. எரிச்சலுக்குப் புகை காரணம் என்று நம்பியவர், "புகைதான் அதிகம், சரக்கு மென்மையானது" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

அப்படியொரு முடிவுக்கு வந்த இளைஞரால்தான் என் வகுப்பை மாற்றிக்கொண்டேன். ஐந்து இளம் பீட் விஸ்கிகள், எல்லாம் நீர் சேர்க்காமல் பீப்பாயிலிருந்து அப்படியே அடைத்தவை, 60 சதவீதத்தை ஒட்டியவை. ஒவ்வொன்றும் 25 மில்லி. துப்புவதற்கான கிண்ணம் மேசையில் சுத்தமாக, காலியாகவே இருந்தது. வகுப்பு முடிந்ததும் அவர் கார் சாவியை எடுத்தார். "ஐந்து சின்ன வாய்தானே குடித்தேன்" என்றார். பலகையில் கணக்கிட்டுக் காட்டினேன். 125 மில்லியில் 60 சதவீதம் என்றால் 75 மில்லி தூய ஆல்கஹால். பிரிட்டனில் 10 மில்லி ஒரு யூனிட் என்பதால் ஏழரை யூனிட். 2016இல் திருத்தப்பட்ட அந்நாட்டு மருத்துவ வழிகாட்டல் வாரம் முழுவதற்கும் வைத்திருக்கும் உச்ச வரம்பு 14. வாரக் கணக்கில் பாதிக்கு மேல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருந்தது. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் ஓட்டுநரின் இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது; இங்கிலாந்தில் அது 80, இந்தியாவில் 30. டாக்சி வரவழைத்து அனுப்பினேன். தவறு அவருடையது மட்டுமன்று, ஊற்றிய கையும் என்னுடையதே.

இப்போது ஒரு கோப்பைக்கு 10 மில்லிக்கு மேல் ஊற்றுவதில்லை. வகுப்புக்கு முன் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறேன்; துப்புவது மரியாதைக் குறைவு அன்று, தொழில் முறை என்பதை நானே முதலில் துப்பிக் காட்டுகிறேன். வண்டியில் வந்தவருக்கு முகர்வதோடு சரி. கர்ப்பிணிகளையும், மருத்துவர் மதுவை விலக்கச் சொன்னவர்களையும் "ஒரு துளிதானே" என்று வற்புறுத்துவதை அனுமதிப்பதில்லை. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அவர்கள் கணக்கில் சொல்வதானால், 42.8 சதவீத விஸ்கியில் 60 மில்லி லார்ஜ் குடித்துப் பழகியவர் அதே அளவு ஆக்டோமோரை ஊற்றிக்கொண்டால், அவர் குடிப்பது பழைய கணக்கில் ஏறத்தாழ 86 மில்லி. மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. என் பிழைப்பே இந்தப் புட்டிகளில் இருக்கும்போது இதை மறைத்துவிட்டு வாசனையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

வகுப்பு முடிந்ததும் ஒரு கோப்பையை மட்டும் கழுவாமல் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வருபவர்களிடம் முகரக் கொடுப்பேன். இரவோடு இரவாக ஆல்கஹால் முழுவதும் ஆவியாகியிருக்கும். கண்ணாடியின் அடியில் காய்ந்த மெல்லிய படலத்தில் சாம்பலும் அணைந்த அடுப்பும் மணக்கும். பலர் முதல் நாள் முழுவதும் தேடிக் கிடைக்காத புகையின் நுணுக்கத்தை அந்தக் காலிக் கோப்பையில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.