குளோஸ்டு கேப்ஷன்: சொல்லும் பொருளும், கேபிள் பெட்டியில் அது படும் பாடும்

அமெரிக்காவில் விற்கும் டிவி ரிமோட்டுகளில் பெரும்பாலும் 'சிசி' என்று இரண்டு எழுத்து போட்ட பொத்தான் ஒன்று இருக்கும், 'குளோஸ்டு கேப்ஷன்' என்பதன் சுருக்கம் அது. அதை அழுத்தினால் டிவியில் பேசுவதெல்லாம் திரையின் அடியில் எழுத்தாக ஓட வேண்டும். ஆனால் கேபிள் பெட்டி வைத்திருக்கிற வீடுகளில் பல நேரம் எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் வராது. டிவி கெட்டுப்போச்சு என்று நினைப்பவர்கள் உண்டு, கேபிள் கம்பெனி எழுத்தையே அனுப்பவில்லை என்று கோபப்படுபவர்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டும் காரணமில்லை. சிக்கல் 'குளோஸ்டு' என்ற சொல்லின் பொருளிலேயே இருக்கிறது, அது பிடிபட்டால் எழுத்து எங்கே தொலைகிறது என்பதும் பிடிபட்டுவிடும். 'மூடிய தலைப்பு' என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கி எழுதுவதைப் பார்த்தால் எனக்கு உறுத்துவதும் அதனால்தான். அந்த இரண்டு சொல்லுமே ஆளைத் தவறான பக்கம் கூட்டிப்போகின்றன.

முதலில் கேப்ஷன். இதன் வேர் லத்தீன் 'காபெரே', பிடித்தல், எடுத்தல் என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் பிடிப்பது, கைப்பற்றுவது என்றுதான் இருந்தது. அப்புறம் சட்ட ஆவணங்களில், இந்த வாக்குமூலம் எங்கே, எப்போது, யார் முன்னால் எடுக்கப்பட்டது என்று குறிக்கும் பகுதிக்குக் கேப்ஷன் என்று பெயர் வந்தது. அந்தப் பகுதி ஆவணத்தின் உச்சியில் இருக்கும், அதனால் கட்டுரை, அத்தியாயம் இவற்றின் தலைப்புக்கும் அதே சொல் போனது. 20ஆம் நூற்றாண்டில் அது படத்துக்குக் கீழே போடும் விளக்கத்துக்கு இறங்கி, அங்கிருந்து சினிமாத் திரைக்கும் டிவி திரைக்கும் வந்து சேர்ந்தது. ஆக, டிவி கேப்ஷனுக்கும் தலைக்கும் இன்று எந்த உறவும் இல்லை. தமிழில் தலைப்பு என்றால் கட்டுரைக்கு மேலே நிற்பது, அல்லது சேலையின் முந்தானை. திரையின் அடியில் ஓடும் எழுத்தை அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது.

இனி 'குளோஸ்டு'. இதற்கு எதிர்ச்சொல் 'ஓபன் கேப்ஷன்'. படத்தோடு படமாகப் பதித்துவிட்ட எழுத்து அது, வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் தெரியும், அணைக்க முடியாது. 1972இல் பாஸ்டன் நகரத்து டபிள்யூஜிபிஎச் நிலையம் ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை இப்படித்தான் எழுத்தோடு ஒளிபரப்பியது. காது கேளாதவர்கள் தேசிய அளவில் டிவியைப் பின்தொடர முடிந்தது அங்கிருந்து ஆரம்பிக்கிறது. ஆனால் கேட்கிறவர்களுக்கு எழுத்து இடைஞ்சலாக இருக்கும் என்ற எண்ணம் ஒளிபரப்பாளர்களிடம் இருந்தது. அதனால் எழுத்தை சிக்னலுக்குள் மறைத்து அனுப்பி, வேண்டியவர்கள் மட்டும் எடுத்துப் பார்க்கும்படி செய்தார்கள். அந்த மறைப்புக்குத்தான் குளோஸ்டு என்று பெயர். நம் சித்திரகவியில் கரந்துறை பாட்டு என்று ஒரு வகை உண்டு, ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருக்கும், முறை தெரிந்தவர் எழுத்துகளைப் பொறுக்கி வெளியே எடுப்பார். குளோஸ்டு கேப்ஷனும் அதே மாதிரி கரந்து கிடக்கும் எழுத்துதான்.

எங்கே கரந்து கிடந்தது? பழைய அனலாக் டிவி படம் 525 வரிகளால் ஆனது, அதில் சில வரிகள் திரையில் தெரியவே தெரியாது. தெரியாத அந்த வரிகளில் 21ஆவது வரியை கேப்ஷனுக்கு என்று 1976இல் ஒதுக்கியது அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி. 1980 மார்ச் 16 அன்று ஏபிசி, என்பிசி, பிபிஎஸ் என்ற மூன்று டிவி வலையமைப்புகளிலும் மறைந்த எழுத்தோடு நிகழ்ச்சிகள் வர ஆரம்பித்தன. அவற்றைப் படிக்க சியர்ஸ் கடையில் தனியாக ஒரு டிகோடர் பெட்டி, அதாவது மறைந்த எழுத்தைத் திறந்து காட்டும் கருவி, வாங்க வேண்டியிருந்தது, விலை ஏறத்தாழ 250 டாலர். காது கேட்காதவர் மட்டும் டிவி பார்க்கத் தனி வரி கட்டுவது மாதிரியான நிலைமை அது. 1990இல் வந்த சட்டம்தான் அதை மாற்றியது: 1993 ஜூலையிலிருந்து அமெரிக்காவில் விற்கத் தயாராகும் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லா டிவியிலும் டிகோடர் உள்ளேயே இருக்க வேண்டும். எழுத்தைத் திறக்கும் வேலை இதோடு டிவியின் வேலையானது. கேபிள் பெட்டி 21ஆவது வரியை அப்படியே கடத்திவிட்டால் போதும், மிச்சத்தை டிவி பார்த்துக்கொள்ளும். சிசி பொத்தான் டிவி ரிமோட்டில் இருப்பதும் இதனால்தான்.

டிஜிட்டல் வந்ததும் இந்த ஏற்பாடு குலைந்தது. டிஜிட்டல் படத்தில் 21ஆவது வரி என்று ஒன்று கிடையாது, எழுத்து சுருக்கப்பட்ட வீடியோ தரவுக்குள் ஒரு சிறு துண்டாகப் பயணிக்கிறது. அதற்கான தொழில்நுட்பத் தரத்தின் (ஸ்டாண்டர்டு) எண் 708, பழைய அனலாக் தரத்தின் எண் 608. பழசில் ஒரு வரிக்கு 32 எழுத்து, மொத்தம் 15 வரிகள், எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்பதில் பார்ப்பவருக்குப் பேச்சே இல்லை. 708இல் எழுத்தின் அளவு, நிறம், பின்னணி, எழுத்துரு எல்லாவற்றையும் பார்ப்பவரே மாற்றிக்கொள்ளலாம், பார்வையும் மங்கிய முதியவர்களுக்கு இது பெரிய விஷயம். இதுவரை நல்லதுதான். ஆனால் கேபிள் பெட்டி என்ன செய்கிறது என்றால், சுருக்கி வந்த வீடியோவை விரித்து, வெறும் படப் புள்ளிகளாக மாற்றி, எச்டிஎம்ஐ கம்பி வழியாக டிவிக்கு அனுப்புகிறது. அந்த எச்டிஎம்ஐ இணைப்பில் குளோஸ்டு கேப்ஷன் தரவு போவதற்கு வழியே கிடையாது. படம் போகும், ஒலி போகும், கரந்து வந்த எழுத்து பெட்டியிலேயே நின்றுவிடும். டிவிக்குள் சட்டப்படி வைத்த டிகோடர் நன்றாகத்தான் இருக்கிறது, திறப்பதற்குத்தான் அதன் கைக்கு எதுவும் வருவதில்லை. ஆகவே எழுத்தை பெட்டியே திறந்து, படத்தின் மேல் வரைந்து அனுப்ப வேண்டும். நீங்கள் அழுத்த வேண்டியது டிவியின் சிசி இல்லை, பெட்டியின் சிசி. ஆன்டெனாவை நேராக டிவியில் செருகினால் மட்டும் எழுத்து வருகிறது, கேபிளில் வரவில்லை என்றால் காரணம் இதுதான் என்று நம்பலாம்.

சரி, பெட்டியில் அந்த அமைப்பு எங்கே இருக்கிறது? இங்கேதான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. மோட்டரோலாவின் பழைய பெட்டிகள் பலவற்றில் பெட்டியை அணைத்துவிட்டு, அணைந்த நிலையில் மெனு பொத்தானை அழுத்தினால்தான் கேப்ஷன் அமைப்புகள் திறக்கும். யாருக்குத் தோன்றும் இது? எழுத்து இல்லாமல் ஒரு வார்த்தைகூடப் புரியாத ஒருவர், போன் பண்ணி உதவி கேட்கவும் சிரமப்படுபவர், இதைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். 2010இல் ஒரு சட்டம் வந்து, அதன் கீழ் எஃப்சிசி போட்ட விதிகளால் 2016 டிசம்பரிலிருந்து இத்தகைய கருவிகளில் கேப்ஷனை ஒரு பொத்தானுக்கு நிகரான எளிமையோடு போட வழி இருக்க வேண்டும் என்றானது. எழுத்தின் அளவு, நிறம் மாற்றும் அமைப்புகளும் எளிதில் எட்ட வேண்டும் என்று 2024இல் இன்னொரு விதி. விதி வந்தாலும் பழைய பெட்டிகள் வீடுகளில் கிடக்கத்தான் செய்கின்றன.

எழுத்து வந்த பிறகும் தொல்லைகள் உண்டு. மெனுவில் சிசி1, சிசி2, சிசி3 என்று தொடங்கி டி1, டி2 வரை ஒரு வரிசை இருக்கும், விளக்கம் ஒன்றும் இருக்காது. பேச்சுக்கு சிசி1, ஸ்பானிய மொழி எழுத்து இருந்தால் பெரும்பாலும் சிசி3, டி வரிசை பேச்சு அல்லாத தனி எழுத்துத் தகவலுக்கு. தெரியாமல் டி1ஐத் தொட்டால் திரையின் பெரும்பகுதியை ஒரு கறுப்புக் கட்டம் மறைத்துக்கொண்டு நிற்கும், பேச்சு எழுத்து எதுவும் வராது, டிவியே போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள். பழைய மஞ்சள் கம்பியில் (அனலாக் வீடியோ கம்பி) இணைத்திருந்தால் பெட்டியும் எழுத்தை வரையும், டிவியும் வரையும், ஒன்றின் மேல் ஒன்று ஏறி இரண்டுமே படிக்க முடியாமல் போகும், அப்போது ஏதாவது ஒன்றை அணைக்க வேண்டும். சிக்னல் பலவீனமாக இருந்தால் எழுத்துகள் விடுபட்டு வார்த்தைகள் சிதையும். 'திரையைத் துடை' என்ற கட்டளை வழியில் தொலைந்தால் பழைய வரி போகாமல் அப்படியே நிற்கும், சேனலை மாற்றித் திரும்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஸ்ட்ரீமிங் செயலிகளுக்குப் பெரும்பாலும் தனித்தனி அமைப்பு, அதையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

நேரலைச் செய்தியில் எழுத்து சில நொடி பிந்தி வருவதற்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது. அங்கே ஒருவர் பேச்சைக் கேட்டுக்கேட்டு சுருக்கெழுத்து இயந்திரத்தில் அடிக்கிறார், அல்லது கணினி கேட்டு எழுதுகிறது. ஆனால் விளம்பரம் குறுக்கே வந்து கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடுவது குறைபாடுதான். எஃப்சிசி 2014இல் கேப்ஷன் தரத்துக்கு நான்கு அளவுகோல் வைத்தது: சொன்னதை அப்படியே எழுத வேண்டும், பேச்சோடு கூடியவரை ஒத்து வர வேண்டும், தொடக்கம் முதல் முடிவு வரை இருக்க வேண்டும், முகத்தையோ முக்கியமான தகவலையோ மறைக்கக் கூடாது. பிரச்சினை நடந்து 60 நாளுக்குள் கேபிள் நிறுவனத்திடமோ எஃப்சிசியிடமோ எழுத்தில் புகார் கொடுக்கலாம், நிறுவனம் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். தேதி, நேரம், சேனல், நிகழ்ச்சி, என்ன கோளாறு என்று குறித்து எழுதுங்கள், திரையை ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

இப்போது தமிழ்ச் சொல். 'வசனம்', 'துணைவசனம்' என்று சிலர் எழுதுகிறார்கள். சப்டைட்டிலுக்கு அது சரி, ஏனென்றால் சப்டைட்டில் காது கேட்கிற, ஆனால் மொழி தெரியாத ஆளுக்காக எழுதப்படுவது. கேப்ஷன் கேட்காத ஆளுக்காக. கதவு தட்டும் சத்தம், பின்னணி இசை, திரைக்கு வெளியிலிருந்து பேசுவது யார், எல்லாம் அதில் வர வேண்டும், அவை வசனம் ஆகாது. 'மறையுரை' அழகாக இருக்கிறது, ஆனால் கத்தோலிக்கர்கள் பூசையில் குருவானவர் ஆற்றும் உரையை அப்படித்தான் சொல்கிறார்கள், ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்லைப் பறிப்பது முறையில்லை. 'கரந்துரை' எனக்குப் பிடித்தது, ஆனால் சொல்லும்போது கரந்துறையோடு குழம்பும். எல்லாம் பார்த்தபின் என் தேர்வு, பொதுவாகக் கேப்ஷனுக்குத் 'திரையுரை', ஓபன் என்றால் 'பதிந்த திரையுரை', குளோஸ்டு என்றால் 'கரந்த திரையுரை'. பொத்தானில் போட 'திரையுரை' என்ற சொல் மட்டும் போதும். 'பெட்டியில் திரையுரையைத் திறந்துவிடு' என்று பேச்சிலும் சொல்லிப் பார்க்கலாம், இயல்பாகவே வருகிறது.

இந்த இரட்டைப் பிரிவு தமிழுக்கு அவசியம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 608 தரத்தில் ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு போன்ற மொழிகளுக்கான எழுத்துகள் இருக்கின்றன, தமிழ் எழுத்துக்கு அதில் இடமே இல்லை. அமெரிக்க கேப்ஷன் விதிகளும் ஆங்கிலம், ஸ்பானியம் தவிர மற்ற மொழி நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் விலக்கு அளிக்கின்றன. ஆகவே அந்தப் பழைய வழியில் தமிழ் நிகழ்ச்சிக்குத் தமிழிலேயே எழுத்து வேண்டுமானால் பதிந்த திரையுரைதான் கிடைக்கும், அதை அந்தச் சேனலே படத்தில் போட்டால்தான் உண்டு, பெட்டியின் மெனுவில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. தமிழ் சேனலில் சிசி போட்டும் எதுவும் வரவில்லை என்றால் கேபிள் நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பயனில்லை, கேட்க வேண்டியது அந்தச் சேனலை.